மின்மைத் திரையும் வக்ஃபு நூலும்

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் பயின்று, பின்னர் மின்னணுப் பொறியாளராகப் பணியாற்றிய எழுத்தாளர் சுஜாதா, கணினியையும் தமிழையும் சேர்த்துச் சிந்தித்த முன்னோடிகளுள் ஒருவர். அவர் 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் மறைந்தார். அதற்கு மூன்று மாதங்கள் முன்னர், 2007 நவம்பர் 19இல்தான், அமேசான் நிறுவனம் 'கிண்டில்' என்னும் வாசிப்புக் கருவியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்கருவிக்கென அந்நிறுவனம் தமிழ் நூல்களை விற்கத் தொடங்குவதற்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. இன்று சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளை, அவை நிகழ்ந்த அதே சித்திரை வீதியின் திண்ணையொன்றில் அமர்ந்து, காகிதம் ஏதுமின்றி ஒருவர் வாசித்துவிட முடியும். எனவே காவிரியின் இக்கரையும் அக்கரையுமான இவ்விரு ஊர்களிலிருந்து இக்கருவியை எடைபோடுவது பொருத்தமே எனக் கருதுகிறோம்.

இக்கருவி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு அணிகளாக நிற்கின்றனர். ஆயிரம் நூல்களைக் கைப்பையில் சுமக்கும் விந்தையை ஒரு சாரார் வியக்கின்றனர். புதுக் காகிதத்தின் மணம் போயிற்றே என மறுசாரார் வருந்துகின்றனர். மணம் பற்றிய இவ்வருத்தத்தை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கில்லை. ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்திலும் மஞ்சள் பூசிய ஓலையின் மணத்துக்கு ஏங்கியவர்கள் இருந்திருக்கக்கூடும். அதற்காக அச்சு இயந்திரம் நின்றுவிடவில்லை. நம்முடைய கவலை வேறிடத்தில் இருக்கிறது. அதற்கு வருமுன், கருவியின் சிறப்பை உள்ளபடி சொல்லிவிடுவதே நேர்மை.

'இ-இங்க்' எனப்படும் மின்மைத் திரை, கைபேசித் திரையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. அதனுள் தலைமயிரின் தடிமனே உள்ள நுண்குமிழ்கள் இலட்சக்கணக்கில் பரவியுள்ளன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த திரவத்தில் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. அவை எதிரெதிரான மின்னேற்றம் பெற்றவை. மின்புலத்தின் திசைக்கேற்ப ஒருவகைத் துகள் மேலெழ, மற்றது கீழிறங்குகிறது. மேலெழுந்தது எழுத்தாகவோ தாளின் வெண்மையாகவோ நம் கண்ணுக்குப் புலப்படுகிறது. பக்கம் மாறும் கணத்தில் மட்டுமே மின்சாரம் செலவாகிறது; மாறியபின் துகள்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் உழைப்பதன் காரணம் இதுவே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வொன்றிலிருந்து 1997இல் இதற்கென ஒரு நிறுவனம் பிறந்தது; 2004இல் சோனி நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட 'லிப்ரியே' இத்திரையுடன் வந்த முதல் வாசிப்புக் கருவி.

இதன் பயனைத் திருச்சிராப்பள்ளி வெயிலில் எளிதில் உணரலாம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் நண்பகலில் கைபேசியைத் திறந்தால், தெரிவது எழுத்தன்று, நம் முகம். மின்மைத் திரையோ வெயில் ஏற ஏறத் தெளிவடைகிறது. ஏனெனில் அது தானாக ஒளிர்வதில்லை. தாளைப் போலப் புறவொளியைத் திருப்பி அனுப்புகிறது. 2012இல் வந்த 'பேப்பர்வைட்' முதலான கருவிகளில் திரையின் விளிம்பிலிருந்து மெல்லொளி பாய்ச்சும் அமைப்பும் சேர்ந்ததால், மலைக்கோட்டை விரைவு வண்டியில் விளக்கணைத்த பின்னரும் உடன் பயணிப்போர் உறக்கம் கெடாமல் வாசிக்க இயல்கிறது. அழைப்பு மணி இல்லை, செய்தி வந்ததென்ற துடிப்பு இல்லை. இந்நாளில் இதுவே பெரும் பேறு.

உறக்கத்தைப் பற்றி ஒரு தெளிவுரை தேவை. மின்னூல் வாசிப்பு உறக்கத்தைக் கெடுக்கும் என்பதற்கு அமெரிக்க அறிவியல் கழகத்தின் இதழில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு அடிக்கடி சான்றாகக் காட்டப்படுகிறது. பன்னிருவரைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட அவ்வாய்வில் பயன்பட்ட கருவி ஐபேட், அதாவது பின்னிருந்து ஒளிரும் திரை. அம்முடிவை அப்படியே மின்மைத் திரையின் தலையில் ஏற்றுவது முறையன்று.

முதியோர்க்கு இக்கருவி செய்யும் உதவிதான் எல்லாவற்றினும் பெரிது என்போம். ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளிலும் திருச்சியின் பாலக்கரையிலும், வாழ்நாள் முழுதும் வாசித்துப் பழகி, கண்புரையாலோ நீரிழிவாலோ எழுத்து மங்கிப்போன பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கின்றனர். பெரிய எழுத்துப் பதிப்பு என்ற ஒன்று தமிழில் சிறுவர் நூலுக்கும் பெரிய எழுத்துக் கதைகளுக்கும் அப்பால் வளரவேயில்லை. வாசகர் தமக்கு வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெருக்கிக் கொள்ளலாம் என்பது, அவர்களைப் பொறுத்தவரை வாசிப்புக்கும் வாசிப்பின்மைக்கும் இடையிலான வேறுபாடு. ஏறத்தாழ இருநூறு கிராம் எடை என்பதும் நடுங்கும் கைகளுக்கு அற்பமான செய்தியன்று. முதுமையில் நூலை மூடிவைக்க நேர்ந்த தந்தையின் கையில் மகனோ மகளோ இதனைக் கொடுப்பார்களாயின், இக்கட்டுரையில் பின்வரும் குறைகள் எதுவும் அதற்குத் தடையாகக் கூடாது.

ஆனால் எழுத்தைப் பெருக்குதல் என்னும் இவ்வசதி, தட்டச்சு செய்யப்பட்ட நூலுக்கே உரியது. படம் பிடிக்கப்பட்ட நூலுக்கு இல்லை. தமிழைப் பொறுத்தவரை எல்லாச் சிக்கலும் இங்குதான் தொடங்குகிறது.

தமிழ் இக்கருவிக்குள் நுழைந்த வரலாறு பொறுமையைச் சோதிப்பது. தொடக்ககாலக் கருவிகள் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்டவில்லை. கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து தனியே நின்றன. முதற் கிண்டிலின் திரையில் ஓர் அங்குலத்துக்கு 167 புள்ளிகளே இருந்தன. 'ண', 'ஞ', 'ணூ' போன்ற சுழியெழுத்துகள் அவ்வளவில் கரும்பொட்டாகத் திரள்வது இயல்பு. 2013இல் தொடங்கப்பட்ட 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' குழுவினர் இதற்கு ஓர் எளிய வழி கண்டனர். ஒவ்வொரு நூலையும் பிற வடிவங்களோடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பி.டி.எஃப். கோப்பாகவும் வெளியிட்டனர். எழுத்தைக் காட்டத் தெரியாத கருவிக்கு எழுத்தின் உருவத்தையே கொடுத்துவிடும் உத்தி இது. 2015க்குப் பின் 300 புள்ளித் திரைகள் பரவலாயின. 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல் விற்பனையைத் தொடங்கியது. அதன்பின் புதிய நாவலும் சிறுகதையும் தமிழ்த் திரையில் குறைவின்றி வந்து குவிந்தன. குவிந்தவற்றுள் பிழைதிருத்தம் கண்டவை எத்தனை என்பது வேறு கேள்வி. பதிப்பாசிரியர் என்றொருவர் இருந்ததற்கான அடையாளமே பல நூல்களில் தென்படவில்லை.

பழைய நூல்களின் நிலை இதனினும் கடினமானது. ஸ்ரீரங்கத்திலிருந்தே ஒரு சான்று தரலாம். அங்கு இயங்கிய ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம் 1910இல் ஆதிசங்கரரின் நூல்களை இருபது தொகுதிகளாக வெளியிட்டது. தென்னிந்திய அச்சுக் கலையின் பெருமைகளுள் அப்பதிப்பும் ஒன்று. இன்று அது வருடப்பட்ட படங்களாக இணையத்தில் கிடைக்கிறது. ஆயினும் அப்பக்கத்தை ஆறு அங்குலத் திரைக்குள் சுருக்கினால் எறும்பூர்ந்த தடமே மிஞ்சும். பெரிதாக்கினாலோ பக்கத்தை இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தள்ளுதலுக்கும் திரை ஒருமுறை கறுத்து வெளுக்கும். நாலு வரி படிப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது.

நம் அரபுத்தமிழ் நூல்களின் கதியும் இதுவே. அதனினும் ஒரு படி மோசம். தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் கூட்டி எழுதப்பட்டு, கல்லச்சில் பதிக்கப்பட்ட அந்நூல்களில், மூலம் நடுவிலும் விளக்கம் ஓரத்திலும் சாய்ந்தும் வளைந்தும் செல்வதுண்டு. அவற்றைத் தட்டச்சு செய்து ஒருங்குறியில் தரும் பணி இன்னும் பரவலாகத் தொடங்கப்படவில்லை. வாசிக்கத் தெரிந்தோர் தொகையும் நாளுக்கு நாள் அருகி வருகிறது. ஆகவே, திரையின் வழி மட்டுமே வாசிக்கப் பழகும் ஒரு தலைமுறைக்கு, அந்நூல்கள் அழியாமலே மறைந்துபோகும். கரையான் அரித்த நூலுக்கு இரங்குவதற்கேனும் ஆளுண்டு. எங்கோ ஒரு சேமிப்பகத்தில் பத்திரமாக இருந்தும் எவர் கருவியிலும் திறக்கப்படாத நூலின் இழப்பை யாரும் அறிவதில்லை.

செய்யுள் நூல்களில் வேறொரு இடர் உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்களைக் கொண்டது. செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் 1842இல் அது அச்சேறியது. இணையத்தில் 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் தன்னார்வத் தொண்டர்கள் அதனைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கியுள்ளனர். அவர்கள் செய்த தொண்டுக்கு நம் சமுதாயம் இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை. ஆயினும் அதனை மின்மைத் திரையில் வாசிக்கும்போது, ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்குள் அறுசீர் அடியொன்று அடங்குவதில்லை. மூன்று சீருக்குப்பின் மடிந்து அடுத்த வரிக்கு வந்துவிடுகிறது. எழுத்தைப் பெருக்கினால் மும்மடிப்பாகிறது. அச்சுப் பக்கத்தில் நான்கு அடிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க, அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை, காதுக்கு எட்டுமுன் கண்ணுக்கே எட்டிவிடும். மடிந்த வரியில் அவ்வழகு சிதறுகிறது. ஏட்டுச் சுவடியில் பாடல்கள் அடி பிரிக்கப்படாமல் ஓலையின் விளிம்புவரை ஓடும். அடியைப் பிரித்துத் தந்தது அச்சின் கொடை. நாம் மீண்டும் ஓலைக்கே போயிருக்கிறோம் போலும்! இராகத்தோடு ஓதிப் பழகியவர் இதனைப் பொருட்படுத்தமாட்டார். புதிதாகப் பயில்வோர் தடுமாறவே செய்வர்.

வரி இடம்பெயர்வதன் விளைவு செய்யுளோடு நிற்பதில்லை. நினைவாற்றலுக்கும் இடத்துக்கும் உள்ள உறவை நம் ஹிஃப்ழு மத்ரஸாக்களைவிட நன்கறிந்தோர் எவருளர்? திருக்குர்ஆனை மனனம் செய்யும் மாணவர் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அச்சுப் பதிப்பின் முஸ்ஹஃபையே பயன்படுத்த வேண்டும் என்று உஸ்தாதுமார் வற்புறுத்துவர். மதீனாவில் அச்சாகும் பதினைந்து வரி முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். பக்கந்தோறும் ஒரு வசனம் முழுமையாக முடிந்தே அடுத்த பக்கம் தொடங்கும். வலப்பக்கத்தின் மேல்வரியா, இடப்பக்கத்தின் அடிவரியா என்பது ஹாஃபிழின் நெஞ்சில் வசனத்தோடு சேர்ந்தே பதிகிறது. ஓதும்போது அவர் நினைவில் புரள்வது அப்பக்கங்களே. எழுத்தளவை மாற்றியதும் வசனங்கள் இடம்பெயரும் ஒரு நூலில் இப்பயிற்சி நடவாது. பக்கத்தைப் படமாகவே காட்டும் செயலிகள் இக்குறையைத் தவிர்க்கின்றன என்பது உண்மை. அப்போது எழுத்தைப் பெருக்கும் வசதி போய்விடுகிறது.

இவ்வனுபவத்துக்கு இயைபான ஆய்வு முடிவொன்றும் உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் ஆன் மாங்கனும் அவர்தம் பிரெஞ்சுத் தோழர்களும் ஐம்பது பேருக்கு 28 பக்கக் கதையொன்றைக் கொடுத்து, ஒரு பாதியினரை அச்சு நூலிலும் மறுபாதியினரைக் கிண்டிலிலும் வாசிக்கச் செய்தனர். 2019இல் வெளியான அவ்வாய்வின்படி, பொருளுணர்வில் பெரும்பாலும் இரு சாராரும் ஒத்தே இருந்தனர். எந்நிகழ்ச்சிக்குப்பின் எது, எவ்விடத்தில் எது என்பதைச் சொல்வதில் அச்சு நூலை வாசித்தோரே முந்தினர். ஐம்பது பேரைக் கொண்டு உலகை அளந்துவிட முடியாதுதான். ஆயினும் விரல்நுனியில் வாசித்த பக்கம் தடித்தும் வாசிக்க வேண்டிய பக்கம் மெலிந்தும் வருவதை உணர்ந்தபடி வாசிப்பதற்கு ஒரு பயன் உண்டென்பதை அது காட்டுகிறது. நாவலுக்கு இது சிறு இழப்பு. மூலத்தையும் உரையையும் அடிக்குறிப்பையும் மாறி மாறிப் புரட்ட வேண்டிய ஆய்வு நூலுக்கு இது பேரிழப்பு. மேலும், மேற்கோள் காட்டுவோர்க்குப் பக்க எண் வேண்டும். பல மின்னூல்கள் தருவதோ அக்கருவிக்கு மட்டுமே விளங்கும் ஓர் இட எண்.

இனி, நம்மை உண்மையிலேயே உறுத்தும் செய்திக்கு வருகிறோம்.

திருச்சிராப்பள்ளியின் கல்வி வரலாற்றில் இரவலுக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இளமையில் நூல் தேடி அலைந்த வரலாற்றை அவருடைய மாணாக்கர் உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் ஒரு பரதேசியிடம் இருப்பதறிந்து, அவர் பிச்சைக்குப் புறப்படும்போதெல்லாம் உடன்சென்று பணிவிடை செய்து, அந்நூலை அவரிடமிருந்து பெற்றுக் கற்றார் என்பது அவ்வரலாறு. நூலை உடையவர் பிச்சையெடுத்தே உண்டவர். ஆனால் நூல் அவருடையது. கொடுக்கவும் மறுக்கவும் அவருக்கு உரிமை இருந்தது, இறுதியில் கொடுத்தார். அவர் கொடுத்தது ஒரு பெரும்புலவரின் கல்வியில் சேர்ந்தது.

கிண்டிலில் விலை கொடுத்து நூல் 'வாங்கும்' நமக்கு, அந்தப் பரதேசிக்கு இருந்த உரிமை இல்லை. நாம் பெறுவது நூலன்று, வாசிப்பதற்கான அனுமதி. நிறுவனத்தின் ஒப்பந்த வாசகமே இதனை ஒளிக்காமல் சொல்கிறது. 2009 ஜூலையில், உரிமையில்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்பதற்காக, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய இரு நூல்களின் படிகளை வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அமேசான் தொலைவிலிருந்து அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது; நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்பும் கோரினார். தம் குறிப்புகள் பயனற்றுப் போயின என்று பள்ளி மாணவரொருவர் வழக்குத் தொடுத்தார். எவ்வீட்டுக்குள்ளும் புகுந்து அலமாரியிலிருந்து நூலை எடுத்துச் செல்லப் பழைய பதிப்பாளர் எவராலும் இயன்றதில்லை. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. அவ்வசதி இருந்தவரை, கோப்பின் ஒரு படியேனும் வாசகர் கைவசம் இருந்தது.

இதனை வெறும் வணிகத் தகராறாக மட்டும் நாம் காண இயலாது. நம் பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் உள்ள அலமாரிகளைத் திறந்து பாருங்கள். நூலின் முதற்பக்கத்தில் இன்னார் தம் பெற்றோரின் நன்மைக்காக வக்ஃபு செய்தது என்ற மைவரி ஒன்று இருக்கும். திருச்சியில் 1951இல் நிறுவப்பட்ட ஜமால் முஹம்மது கல்லூரி போன்ற நம் கல்வி நிலையங்களை எழுப்பியதும் இத்தகைய கொடை மனமே. வக்ஃபுக்கு முதல் நிபந்தனை, கொடுப்பவர் அப்பொருளின் உடைமையாளராக இருத்தல். ஹனஃபி மத்ஹபில் வக்ஃபு என்பது அடிப்படையில் அசையாப் பொருளுக்கே உரியது எனினும், மக்கள் வழக்கில் வேரூன்றிய அசையும் பொருள்களையும் வக்ஃபு செய்யலாம் என இமாம் முஹம்மது அஷ்ஷைபானீ (ரஹ்) இசைந்தார்கள். அவ்வழியில் பிற்கால அறிஞர்கள் நூல்களையும் ஏற்றனர். அழியாமல் நின்று பயன்தரும் அசையும் பொருளை வக்ஃபு செய்ய ஷாஃபிஈ மத்ஹபிலும் தடையில்லை. உள்நாட்டு ராவுத்தரும் கடற்கரை மரைக்காயரும் இதில் ஒன்றுபட்டே அலமாரிகளை நிரப்பினர். அனுமதியை மட்டுமே பெற்றவர் எதனை வக்ஃபு செய்வார்? நாற்பது ஆண்டுகள் திரட்டிய மின்னூல் தொகுப்பை ஒருவர் தம் மகனுக்கு விட்டுச் செல்லவும், அண்டை வீட்டு மாணவிக்கு ஒரு வாரம் இரவல் தரவும் அவ்வொப்பந்தத்தில் இடமில்லை. கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று சிலர் கூறுவர். கள்ளச் சாவியைக் கொடுத்துச் செல்வதற்குப் பெயர் கொடையன்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்குறை துகளுக்கும் திரவத்துக்கும் உரியதன்று. அதன்மீது பூட்டப்பட்ட பூட்டுக்கு உரியது. மதுரைத் திட்டத்தின் சீறாவுக்குப் பூட்டு இல்லை. 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' நூல்களுக்கும் இல்லை. நாட்டுடைமையாக்கப்பட்ட அறிஞர்களின் நூல்களை யாரும் வெளியிடலாம், யாரும் பிறர்க்கு வழங்கலாம். பூட்டில்லாத 'ஈபப்' கோப்பை நேராகவோ வடிவம் மாற்றியோ பெரும்பாலான கருவிகளில் திறக்கலாம், எத்தனை பேர்க்கும் படியெடுத்துத் தரலாம். அவ்வகையில் அது பரதேசியின் சுவடியைவிடத் தாராளமானது.

ஆகவே கருவியை வாங்குவோர் எதை எதில் வாங்குவது எனப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒருமுறை வாசித்து விடத்தக்க நாவலையும் பயணக் கட்டுரையையும் திரையில் வாசிக்கலாம். பிள்ளைகள் கையில் சேர வேண்டிய நூலைக் காகிதத்தில் வாங்குவதே தக்கது. நம் பதிப்பகங்களோ, பதிப்பில் இல்லாத தம் பழைய வெளியீடுகளைப் படமாக வருடி ஏற்றிவிட்டுக் கடமை முடிந்ததென இருத்தல் போதாது. அவற்றை ஒருங்குறியில் தட்டச்சு செய்து, மெய்ப்புத் திருத்தி, அச்சுப் பதிப்பின் பக்க எண்களை உள்ளே பொதிந்து, பூட்டின்றி வெளியிட வேண்டும். செய்யுள் நூலாயின் அடி மடியாதவாறு சீர் பிரித்து அமைக்க வேண்டும். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே, அவர்கள் வாசிக்க இளைஞர் ஒருவர் எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கல்லூரித் தமிழ்த்துறையும் அரபுத்துறையும் இணைந்து செய்யலாம். கருவி வாங்குவதைவிட இதற்குச் செலவு குறைவு.

மார்க்க அறிஞர்களிடமும் ஒரு வினாவை வைக்கிறோம். பூட்டில்லாத நூல்களை நிறைத்த மின்மைக் கருவி ஒன்றை ஒருவர் விலைக்கு வாங்கி, மத்ரஸா மாணவர்க்கென வக்ஃபு செய்கிறார். கருவி சில ஆண்டுகளில் பழுதாகலாம். கோப்புகளோ வேறொரு கருவிக்கு மாற்றப்பட்டுத் தொடரும். இங்கு வக்ஃபு நிற்பது எதன்மீது, கருவியின் மீதா, கோப்பின் மீதா? கருவி ஓய்ந்தபின் கொடுத்தவரின் நிபந்தனை புதிய கருவியையும் பற்றுமா? முதற்பக்கத்து மைவரியை அப்போது எங்கே எழுதுவது?